தென்னையில் இருந்தபடி கேட்ட பேச்சு

என் ஐயா பளையில் பெரிய தென்னந்தோட்டத்துக்குச் சொந்தக்காரர். பிறகு வெள்ளைக்காரன் காலத்துக் கொழும்புச் சபையில் மெம்பர். எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் என் வீட்டுக்கு வந்த யாரும் இதைக் கேட்காமல் திரும்பிப் போனதில்லை. தேத்தண்ணி வர முதல் உன்னுடைய கொப்பர் வந்துவிடுவார் என்று என் கணவர் இருக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரி. தேத்தண்ணி கொதிக்க நேரம் எடுக்கும். ஐயாவுக்கு எடுக்காது.

அப்படிப்பட்டவரின் மகள் ஏன் மூன்றாம் வகுப்போடு நின்றாள் என்று கேட்பீர்கள். அதற்கும் ஐயாவின் அரசியல்தான் காரணம். முதல் தடவை அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. போட்டியில்லாமல் மெம்பரானார். சனம் முழுக்கத் தன்னைத்தான் விரும்புகிறது என்று அவர் அதை எடுத்துக்கொண்டார். நான் தவழுகிற வயதில் அடுத்த தேர்தல் வந்தது. ஒரு வாலிபர் எதிர்த்து நின்றார். ஐயா தோற்றார். அந்தக் காலத்தில் எழுத்துத் தெரியாதவர்களும் வோட்டுப் போடவேண்டும் என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைப்பார்களாம். ஐயாவின் பெட்டி மஞ்சள், மற்றவரின் பெட்டி சிவப்பு. யார் யார் சிவப்புப் பெட்டியில் போட்டிருப்பார்கள் என்று ஐயா அன்றைக்கு யோசிக்கத் தொடங்கினார். சாகும்வரை யோசித்து முடிக்கவில்லை.

என்னைப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தலைமை ஆசிரியர் மற்றப் பக்கத்து ஆள் என்று யாரோ சொல்ல, நிறுத்தினார். சைவப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதன் முகாமையாளர் சிவப்புக்காரரின் தூரத்து மச்சான் என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்றாவது பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல விருப்பம். அங்கே கணக்கு வாத்தியார் ஒரு மழை நாளில் சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அத்தோடு முடிந்தது. நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லை. பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று சபையில் கை தூக்கியவர் என் ஐயா. அந்தக் கையால்தான் என்னுடைய சிலேட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். ஆகையால் என்னுடைய எழுத்தில் பிழை கண்டால் ஐயாவைக் கேளுங்கள்.

நாற்பது வருடத்துக்குக் கிட்டடியாக டென்மார்க்கில் இருக்கிறேன். இங்கே பிறந்தநாள் கேக்கில்கூட இந்த நாட்டின் சிவப்புக் கொடியைத்தான் குத்துவார்கள். ஐயா உயிரோடு இருந்திருந்தால் இந்த நாட்டுக்கு அகதியாகவும் வந்திருக்கமாட்டார்.

போன வருடம் என் கால்கள் வீங்கத் தொடங்கின. வைத்தியர் இறுக்கிப் பிடிக்கிற நீளச் சொக்ஸ் தந்தார். காலையில் எழும்பியவுடன் போடவேண்டும், படுக்கும்போது கழற்றவேண்டும். கழற்ற என்னால் முடியும். போடுவதற்கு நல்ல கைப்பலம் வேண்டும். என் மகள் ஹோர்சன்ஸில் இருக்கிறாள், காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவள். எங்களோடு வந்து இரு என்று சொல்லி, வீட்டின் கீழ் அறைச் சுவருக்கு வெள்ளை மையும் பூசிவிட்டாள். எனக்கு விருப்பமில்லை. இக்காஸ்டில் தமிழ்க் கடைக்கு நான் நடந்து போவேன். புதன்கிழமை பெண்களின் கூட்டத்துக்கு நடந்து போவேன். என் அடுப்பு, என் கதவுத் திறப்பு. மகளின் வீட்டில் நான் மகளின் அம்மா. என் வீட்டில் நான் மெம்பரின் மகள்.

கொம்யூன், அதாவது இங்கத்தைய நகரசபை, காலையில் சொக்ஸ் போட ஓர் ஆளை அனுப்புவதாகச் சொன்னது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். முதலில் ஒரு டெனிஷ்காரப் பொடியன் வந்தான், வாசல் உயரம், மஞ்சள் தாடி. ஆம்பிளை என் காலைப் பிடிப்பதா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அன்று பின்னேரம் மகள் தொலைபேசியில் பேசினாள். அவள் கோபித்துப் பேசுகிறவள் இல்லை. இதுதான் கடைசி என்றாள். அடுத்து வருகிற ஆளையும் கலைத்தால் கொம்யூன் கூட்டம் வைக்கும், கூட்டம் வைத்தால் ஹோர்சன்ஸ்தான் என்றாள்.

அடுத்து வந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. பிள்ளை என்றால் ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதிலேயே இங்கே வந்தவளாம். சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு வந்து, குந்தியிருந்து, ஒரே இழுவையில் சொக்ஸை முழங்கால் வரைக்கும் ஏற்றினாள். இப்படியும் ஒரு கெட்டிக்காரியா என்று நினைத்தேன். நினைத்துவிட்டுக் கேட்டேன்.

"பிள்ளைக்கு ஊரிலை எவடம்?"

"பளைப் பக்கம், அம்மா."

"பளையிலை எவடம்?"

"மற்றக் காலைத் தாங்கோ."

அடுத்த நாள், பேரன், அதாவது அவளுடைய தாத்தா, என்ன செய்தவர் என்று கேட்டேன். வேலை செய்தவர், காலை ஆட்டாதேங்கோ என்றாள். எங்கள் சனத்தில் ஒருவரிடம் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய பிள்ளை என்று கேட்பது எதை அறிவதற்கு என்று வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். நானும் அதை அறியத்தான் கேட்டேன். மறைத்து எழுதி என்ன பயன்? ஒரு கிழமையாகக் கேட்டும் அவள் பிடி கொடுக்கவில்லை. பளை ஆள், ஐயாவின் பெயரைச் சொன்னால் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு, ஆனால் வாய் திறப்பதில்லை. நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இவள் அந்தச் சிவப்புப் பெட்டிக்காரரின் பேத்தி.

அப்படி நினைத்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. தோற்கடித்தவரின் பேத்தி கொம்யூன் செலவில் தோற்றவரின் மகளுடைய காலடியில் குந்தியிருக்கிறாள். ஐயாவுக்குக் கிடைக்காத வெற்றி எனக்குப் பத்துப் பத்து நிமிடமாகக் கிடைக்கிறது. ஆகவே ஐயாவின் சரித்திரத்தை அவளுக்குத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

காடு வெட்டித் தோட்டம் வைத்ததை ஒரு காலுக்குச் சொன்னேன். கயிறு கட்டி வரிசை பிடித்து நட்டதையும், ஒரு கன்று ஒரு சாண் விலகி நின்றால் பிடுங்கித் திரும்பவும் நட்டதையும் மற்றக் காலுக்குச் சொன்னேன். அந்த வரிசையெல்லாம் வண்டு குருத்தைத் துளைக்கத் தொடங்கியதால்தான் ஐயா அரசியலுக்குப் போனார். சபையில் அவர் பேசியது ஒரே ஒரு பேச்சு. அது அந்த வண்டைப் பற்றியது. பேசி முடித்து ஒரு மாதத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோட்டத்துக்கு வந்து, பார்த்து, மூன்று இளநீர் குடித்து, பட்ட மரங்களை எரிக்கும்படி ஒரு கடிதாசி அனுப்பினார். ஐயா அதைக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டினார்.

அந்தப் பேச்சுக்கு ஐயா தோட்டத்தில்தான் பழகினார். கோட்டும் தலைப்பாகையுமாக வரிசைகளுக்கு நடுவில் போய் நிற்பார். கங்காணி ஒரு பெட்டியில் சபைத் தலைவராக இருக்கவேண்டும். தென்னைகள்தான் மற்ற மெம்பர்கள். தேங்காய் பறிக்கிறவர்கள் யாராவது அந்த நேரத்தில் மரத்தில் இருந்தால் பேச்சு முடியும்வரை இறங்கமாட்டார்கள். ஐயா பேசும்போது வெறும் மேலோடு முன்னால் இறங்குவது மரியாதை இல்லை. அவ்வளவு மதிப்பு வைத்திருந்தார்கள் என்று எங்கள் அம்மா வருகிற எல்லாருக்கும் சொல்லுவார். நானும் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல் சொக்ஸின் மடிப்பைச் சரி செய்தாள்.

கடைசியில் தேர்தலுக்கு வந்தேன். சிவப்புக்காரர் சைக்கிளில் போய் வீடு வீடாக இறங்கினார், பாயில் இருந்தார், தந்த தண்ணியைக் குடித்தார், வோட்டுக் கேட்டார். ஐயா போகவில்லை. கேட்டு வாங்குவது பிச்சை என்று அவர் சொல்லுவார். வீட்டுக்கு இரண்டு தேங்காயாக வண்டிலில் அனுப்பினார். அதிலும் சில வீடுகளுக்கு வண்டில்காரனும் இறங்கவில்லை, வேலிக்கு மேலால் உள்ளே போட்டுவிட்டுப் போனான். அதை அப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் குறையாக நினைக்கவில்லை. அந்தச் சனத்துக்குத் தேங்காய் போனதே பெரிய காரியம் என்றுதான் பிறகும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு இடது கால் முடிந்து வலது காலில் சொக்ஸ் பாதி ஏறியிருந்தது. நான் சொன்னேன்.

"உம்முடைய பேரன் கண்ட கண்ட வீட்டிலை தண்ணி குடிச்சுத்தான் வெண்டவர்."

அவள் கையை நிறுத்தினாள்.

"ஆர் என்ரை பேரன்?"

"அந்தச் சிவப்புப் பெட்டிக்காரர்."

அவள் சிரித்த சிரிப்பில் நிலத்தில் இருந்தே விட்டாள். "அவர் என்ரை பேரன் இல்லை, அம்மா. என்ரை பேரன் மேலை இருந்தவர்."

"எங்கை மேலை?"

"தென்னையிலை. உங்கடை ஐயா கீழை நிண்டு கதைக்கேக்கை."

பிறகு அவள் சொன்னாள். பேரனுக்கு அப்போது இருபது வயது. மேலே முசுறு கடிக்குமாம். முசுறு என்றால் மரத்தில் கூடு கட்டுகிற சிவத்த எறும்பு. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சொறியவும் முடியாது, கங்காணி அண்ணாந்து பார்த்தபடி இருப்பான். ஒரு மாதம் ஒவ்வொரு காலையும் கேட்டதில் பேச்சு முழுக்கப் பாடமாகிவிட்டது. பிறகு அவர் வீட்டில் கலியாணம் என்றாலும் காதுகுத்து என்றாலும் அந்தப் பேச்சைச் செய்து காட்டுவாராம். இப்போது பக்கத்து ஊரான பிராண்டேயில் இருக்கிற அவளுடைய மாமா பிறந்தநாள் விழாக்களில் சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஏறிச் செய்கிறாராம். எனக்கும் செய்து காட்டினாள். அவளுடைய இடது கை, அங்கே இல்லாத ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கனம் பொருந்திய சபைத் தலைவர் அவர்களே, இந்த வண்டு சிறியது. ஆனால் இதன்..." ஒரு தடவை கனைத்தாள். "நோக்கம் பெரியது."

அந்தக் கனைப்பு ஐயாவுடையதுதான். என்னை ஏசுவதற்கு முதல் அப்படித்தான் கனைப்பார். அறுபது வருடத்துக்கு மேலாக நான் கேட்காத சத்தம் அது. அது இக்காஸ்டில் என் படுக்கை அறையில், நீலப் பிளாஸ்டிக் உறை போட்ட ஒருத்தியின் தொண்டையிலிருந்து வந்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன். ஐயாவைக் கூத்தாக்கிக் காட்டவா கொம்யூன் உன்னை அனுப்பியது என்று கேட்டேன். அதோடு நின்றிருக்கலாம். யாருடைய கால் என்று தெரிந்துகொண்டு பிடி, உன்னுடைய பேரனுக்கு அது தெரிந்திருந்தது என்றும் சொன்னேன். அதுவரை நீர் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நீ என்று சொன்னேன். இனி வரவேண்டாம் என்றேன்.

அவள் எழும்பித் தன் போனில் எதையோ அமத்தினாள். "இன்னும் நாலு நிமிசம் இருக்கு, அம்மா. அதுக்குள்ளை யோசிச்சுப் பாருங்கோ" என்றாள். நான் யோசிக்கவில்லை. அவள் நான்கு நிமிடமும் நின்றுவிட்டுத்தான் போனாள்.

மூன்று நாள் நானே போட்டுப் பார்த்தேன். சமையல் கையுறை மாட்டிக்கொண்டு இழுத்தேன். மாவைப் பூசி வழுக்கப் பண்ணினேன். குதிக்கால் வரைக்கும் வந்து நின்றுவிட்டது, முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அப்படியே அரைச் சொக்ஸோடு மத்தியானம் வரை கட்டிலில் இருந்தேன். கால் இரண்டும் புளித்த தோசை மாப் போலப் பொங்கிவிட்டன. மகளிடம் மூச்சு விடவில்லை. கொம்யூன் விட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் என்றும், மகளும் வரவேண்டும் என்றும், அந்தப் பிள்ளையின் அபிப்பிராயத்தையும் கேட்பார்கள் என்றும் கடிதம் வந்தது.

சும்மா இருந்த அந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. ஐயா பெரிய பேச்சுப் பேசினார் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்னோம். என்ன பேசினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. லண்டனில் இருக்கிற என் அண்ணருக்குத் தெரியாது, கேட்டுப் பார்த்தேன். வீடும் போய், கண்ணாடி போட்ட கடிதாசியும் போய்விட்டது. ஐயாவின் வாயிலிருந்து வந்த சொற்கள் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, அதுவும் பிராண்டேயில் ஒரு கதிரைக்கு மேல். இது தெரிந்ததும் முதலில் இன்னும் கோபம்தான் வந்தது. பிறகு முசுறை நினைத்தேன். மரத்தில் இருந்தவர்களின் மரியாதையைப் பற்றி இத்தனை வருடம் கதைத்த எங்களில் ஒருவரும் அவர்களை எது கடித்தது என்று கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை எல்லாருக்கும் முதல் வந்துவிட்டாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள். நான் என்ன சொல்வது என்று பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் நான் யாருடைய மகள் என்றுதான் தொடங்கியது. அவ்வளவையும் விட்டேன்.

"பிள்ளை, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ. பத்து மணிக்கு அவை வந்திடுவினம்."

"நான் இந்த வீட்டிலை இருக்கவேணும். நீர் ஓம் எண்டால்தான் இருக்கலாம். சொல்லுவீரோ?"

"அண்டைக்கு என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. காலை இழுத்தது பிழை. வாயாலை சொன்னது அதைவிடப் பிழை. உம்மட்டை ஊர் கேட்டதும் நல்ல எண்ணத்திலை இல்லை."

"அது எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். "இருபது வருசமாய் இந்த வேலை செய்யிறன். தமிழ் வீடெண்டால் சொக்ஸுக்கு முதல் ஊர்தான் வரும்."

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கீழ் வாசலில் அவர்களின் மணி அடித்துவிட்டது. ஐயா ஒருவரிடமும் வோட்டுக் கேட்காமல் செத்த மனிதர். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் வோட்டுக் கேட்டவள் நான்தான். கேட்ட பிறகு பதில் வரும்வரைக்கும் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது ஐயாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கொம்யூன் அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு டெனிஷ்காரப் பெண். ஏன் உதவி வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டாள். நான் தமிழில் தொடங்கி ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். தோட்டம், பேச்சு, மரம், முசுறு, நான் சொன்ன கூடாத சொல், எல்லாம் சொன்னேன். மகளின் முகம் சிவந்துகொண்டே போனது. நான் முடித்ததும் அவள் அதிகாரிக்கு ஐந்தாறு சொல்லில் மொழிபெயர்த்தாள். அம்மாவுக்கு அரசியலால் ஒரு சின்ன மனத்தாங்கல் என்றாளாம். என்னுடைய டெனிஷ் கொஞ்சம்தான், ஆனால் சொற்களை எண்ணத் தெரியும்.

"அக்கா, அவ சொன்னது அவ்வளவு மட்டும் இல்லை" என்று மகளிடம் சொன்னாள் அந்தப் பிள்ளை. பிறகு தானே டெனிஷில் முழுக்கச் சொன்னாள். வண்டுக்குக் கையால் இரண்டு கொம்பு காட்டியது எனக்குத் தெரிந்தது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எந்தத் தேர்தல், போன வருடத்துத் தேர்தலா என்று கேட்டாளாம். ஏறக்குறைய எண்பது வருடத்துக்கு முந்தியது என்று பதில் போனது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். இந்த அம்மாவுக்கு மறதி உண்டா, அடுப்பை அணைக்க மறப்பாரா, மருந்தை மறப்பாரா என்று அடுத்ததாகக் கேட்டாள்.

பிள்ளை அதற்கு டெனிஷில் என்னவோ சொல்ல, அதிகாரி சிரித்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எண்பது வருசக் கோவத்தை ஒரு சொல்லும் சிந்தாமல் வைச்சிருக்கிறவ அடுப்பை மறக்கமாட்டா எண்டு சொன்னனான்" என்றாள்.

கடைசியாக, தொடர்ந்து வருவீர்களா என்று அதிகாரி அவளைக் கேட்டாள். அவள் என் கால்களைப் பார்த்தாள். அந்த வீக்கத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ தெரியாது. பிறகு டெனிஷில் ஓம் என்றாள். எனக்குத் தமிழில் மிச்சத்தைச் சொன்னாள்.

"இனி ஊர் கேக்கிறேல்லை. சனி ஞாயிறு எனக்கு லீவு. அந்தத் தாடிக்காரப் பொடியன் வருவான், அவனைக் கலைக்கக்கூடாது. பிறகு, பேச்சு நான் இன்னும் முடிக்கேல்லை. முடிக்கும்வரைக்கும் காலை இழுக்கப்படாது."

"எவ்வளவு நீளம்?"

"பேரன் இறங்கேக்கை சில நாள் மத்தியானம் ஆயிடுமாம்."

ஒரு நாளைக்குப் பத்து நிமிடப்படி பார்த்தால் மாரி முடிந்துவிடும் என்று நினைத்தேன். சரி என்றேன். அதிகாரி ஒரு தாளை நீட்டினாள். என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன். மகள் பேனையோடு சேர்த்து என் கையைப் பிடிக்கப் பார்த்தாள், நான் விடவில்லை. அதிகாரி அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளை அதிகாரியோடு சேர்ந்து படியிறங்கினாள்.

மகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைசியாக வெளியே போனாள். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் கீழ் அறைக்கு வாங்கின புதுக் கட்டிலை நான் என்ன செய்யிறது, அம்மா?"

"நீ படு. விடிய வேலைக்குப் போற பிள்ளை, நல்லாய் நித்திரை கொள்ளவேணும்" என்றேன். கதவைச் சாத்தி, என் திறப்பால் பூட்டினேன்.